பூட்டிய அறையும் ஊர் சுற்றும் தேரும்



காமத்தைச் சித்தரிக்கும் கலையின் வரலாற்றையும் பொருளையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பு என்றதும் எல்லோருக்கும் கஜுராஹோ நினைவுக்கு வரும். அங்கேயும் போவோம். ஆனால் முதலில் ஒரு பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1819ஆம் ஆண்டு. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து அருங்காட்சியகம். பின்னாளில் அரசராக முடிசூடிய பிரான்செஸ்கோ, மனைவியோடும் மகளோடும் அதைப் பார்வையிட வந்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை சாம்பலில் மூழ்கடித்த பொம்பெயி, ஹெர்குலேனியம் நகரங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த சிலைகள், சுவரோவியங்கள், விளக்குகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் பல, ஆண் பெண் கூடலையும் ஆண்குறியையும் வெளிப்படையாகக் காட்டின. அவற்றையெல்லாம் ஒரே அறையில் போட்டுப் பூட்டும்படி பிரான்செஸ்கோ சொன்னார். 102 பொருட்கள் உள்ளே போயின. முதிர்ந்த வயதும் ஐயத்துக்கு இடமில்லாத ஒழுக்கமும் உள்ளவர்கள் மட்டும் அனுமதி பெற்றுப் பார்க்கலாம் என்றார்கள். 1849இல் அந்தக் கதவையும் அடைத்தார்கள். 1860இல் புரட்சித் தளபதி கரிபால்டி நேப்பிள்ஸுக்குள் நுழைந்ததும் திறக்கச் சொன்னார். பிறகும் ஆட்சிக்கு ஆட்சி மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2000ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்கென்று அது முறையாகத் திறக்கப்பட்டது.

அத்தனை காலமும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யார்? படித்த, வசதி படைத்த ஆண்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? பெண்கள், சிறுவர்கள், ஏழைகள். ஒரு சிலை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றால் கனவானின் ஒழுக்கத்தையும் கெடுக்கத்தானே வேண்டும்? அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: இந்த இருநூறு ஆண்டுகளாகக் காமக் கலையைச் சுற்றி நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை, யார் பார்க்கலாம், யார் பேசலாம் என்ற அதிகாரத்துக்காக நடந்தவை. அந்தச் சண்டையின் புழுதியில் அந்தக் கலையின் பொருள் நம் கண்ணுக்கு மறைந்துபோனது.

வாசலில் வைத்த காவல்

இந்த உருவங்களை ரோமானியர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். பொம்பெயியில் வெட்டியஸ் சகோதரர்கள் இருவரின் வீடு இருக்கிறது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, பிறகு பெரும் பணக்காரர்களானவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வீட்டு நுழைவாயில் சுவரில் பிரியாபஸ் என்ற தெய்வத்தின் ஓவியம். தன் மாபெரும் ஆண்குறியைத் தராசின் ஒரு தட்டில் வைத்திருக்கிறார். மறு தட்டில் ஒரு பணப்பை. காலடியில் கூடை நிறையப் பழங்கள்.

விருந்தாளி, வியாபாரக் கூட்டாளி, வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், வேலையாட்கள் எல்லோரும் அன்றாடம் இதைக் கடந்துதான் போய் வந்தார்கள். பிரியாபஸ் தோட்டத்தையும் விளைச்சலையும் காக்கும் தெய்வம். இந்த வீட்டில் செல்வம் கொழிக்கட்டும், கொடி தழைக்கட்டும், வருகிறவனின் பொறாமைக் கண் இங்கே ஒட்டாமல் போகட்டும் என்பதே அந்தச் சுவர் சொன்ன செய்தி. நம் ஊரில் புது வீட்டு முகப்பில் நாக்கைத் துருத்திய பொம்மை செய்கிற வேலையை அங்கே அந்தத் தெய்வம் செய்தது. சிறகு முளைத்த ஆண்குறி வடிவில் வெண்கலத்தில் வார்த்து, அடியில் சின்னச் சின்ன மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். காற்றில் அவை ஒலித்தால் தீமை அண்டாது என்ற நம்பிக்கை. அதே வடிவத்தில் தாயத்து செய்து குழந்தைகளின் கழுத்திலும் கட்டினார்கள். பாதிப் பேர் பிஞ்சிலேயே இறந்துபோன காலத்தில், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஒரு தாய் கட்டிய தாயத்து அது. அதைத்தான் ஆபாசப் பொருள் என்று பெயரெழுதி அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

கர்ப்பகிருகத்துக்குப் பக்கத்தில்

இதே கண்ணோடுதான் ஐரோப்பியர்கள் இந்தியாவையும் பார்த்தார்கள். 1838இல் டி.எஸ். பர்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் மத்திய இந்தியக் காட்டுப் பகுதியில் கஜுராஹோவின் கோயில்களைக் கண்டார். கட்டடங்களின் அழகில் மயங்கினார். சிற்பங்களைக் கண்டு முகம் சுளித்தார். சண்டேல அரசர்கள் ஏறத்தாழ கி.பி. 950 முதல் 1050 வரை கட்டிய கோயில்கள் அவை. எண்பத்தைந்து கோயில்கள் இருந்ததாக வழிவழியாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்குச் சற்றுக் கூடுதல். 1986இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூடலைக் காட்டும் சிற்பங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மற்றவை தெய்வங்கள், படை ஊர்வலங்கள், குருவும் சீடர்களும், கல் சுமக்கும் ஆட்கள். காலில் தைத்த முள்ளை எடுக்கும் பெண், கடிதம் எழுதும் பெண், கண்ணாடி பார்த்து மை தீட்டும் பெண் என்று ஒரு முழு வாழ்க்கையும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. சுற்றுலா அட்டைகளில் மட்டும் அந்த ஒரு பங்கே நூறு பங்காகிவிட்டது.

அங்குள்ள கந்தாரிய மகாதேவர் கோயிலின் தெற்கு, வடக்குச் சுவர்களில் பெரிய கூடல் சிற்பங்கள் எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். பக்தர்கள் நிற்கும் மகா மண்டபமும் இறைவன் இருக்கும் கருவறையும் ஒட்டும் இடத்துக்கு நேர் வெளிப்புறத்தில் நிற்கின்றன. இரண்டு கட்டடப் பகுதிகள் சேரும் இடம் நொய்மையான இடம். அதற்குக் காப்பும் மங்கலமும் வேண்டும் என்பது ஸ்தபதிகளின் எண்ணம். மனிதன் நிற்கும் இடமும் கடவுள் இருக்கும் இடமும் கூடுகிற அந்தப் பொருத்தில் கூடலையே சிற்பமாக வைத்திருக்கிறார்கள். கஜுராஹோவைப் பல்லாண்டு ஆராய்ந்த தேவாங்கனா தேசாய் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். வேறு சில சிற்பங்களில் போலித் துறவிகள் மீதான கேலி இருப்பதையும் அவர் சொல்கிறார். அதே சண்டேலர்களின் அவையில், கீர்த்திவர்மன் காலத்தில், காபாலிகத் துறவிகளைக் கிண்டல் செய்யும் பிரபோத சந்திரோதயம் என்ற நாடகம் அரங்கேறியது நமக்குத் தெரியும். மங்கலம், காப்பு, தத்துவம், கேலி என்று இத்தனை பொருள்கள் ஒரே சுவரில் இருக்கின்றன. அங்கே காமத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் சுவரில் பத்தில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு கண் தெரிகிறது

இப்போது ஜப்பானுக்குப் போவோம். எடோ என்ற அன்றைய டோக்கியோவில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து மர அச்சுக் கலை செழித்தது. காதலர் கூடலைக் காட்டும் ஷுங்கா படங்கள் அதில் ஒரு பெரிய பிரிவு. பேர்பெற்ற ஓவியர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஷுங்கா வரைந்தார்கள், ஹொகுசாயும் வரைந்தார். 1722இல் அரசு தடை போட்டது. அதன் பிறகும் ஓவியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் இல்லாமல் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வாடகைக்குப் புத்தகம் தருகிறவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். ஆண்களும் பெண்களும் பார்த்தார்கள். மணப்பெண்ணின் சீர்வரிசையில் வைத்து அனுப்பினார்கள். சிரிப்புப் படங்கள் என்றும் அவற்றைச் சொன்னார்கள். அந்த அளவுக்கு அவற்றில் நகைச்சுவை நிறைந்திருந்தது.

ஒரே ஒரு படத்தை நின்று பார்ப்போம். கிடகாவா உதமாரோ 1788இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. தேநீர் விடுதியின் மாடி அறை. பெண் நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். மேலே தூக்கி முடிந்த கூந்தலுக்குக் கீழே வெறும் பிடரி. அவள் கை அவன் தாடையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவன் முகத்தை அவள் தலை மறைக்கிறது; கூந்தலின் ஓரத்தில் அவனுடைய ஒரு கண் மட்டும் தெரிகிறது. அந்தக் கண் அவளையே பார்க்கிறது. மெல்லிய துணியின் ஊடே உடலின் நிறம் தெரியும்படி அச்சிட்டிருக்கிறார்கள். அவன் கையில் விசிறி, அதில் ஒரு கவிதை. படத்தில் உடலின் பெரும்பகுதியைத் துணிதான் மூடியிருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைக் கண்ணும் தாடையைத் தொடும் விரல்களும் இருவருக்கும் இடையிலுள்ள நெருக்கத்தை முழுவதுமாகச் சொல்லிவிடுகின்றன. உடலை மட்டும் காட்டுவது எளிது. இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதைக் காட்ட ஓர் உதமாரோ வேண்டும்.

இதற்குப் பின் என்ன ஆனது? மெய்ஜி பேரரசர் காலத்தில் மேல்நாட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வந்தது. 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் ஆபாசத்தைக் குற்றமாக்கியது. அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுத்த மேல்நாட்டாரோ இந்தப் படங்களைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டுபோய்ச் சேர்த்து வைத்தார்கள். 2013இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஷுங்காவுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. ஜப்பானிலோ அதை நடத்தப் பல அருங்காட்சியகங்கள் தயங்கி மறுத்தன. கடைசியில் 2015இல் எய்செய் புன்கோ என்ற சிறிய அருங்காட்சியகம் டோக்கியோவில் இடம் கொடுத்தது. கூட்டம் அலைமோதியது.

தஞ்சையில் எழுதி, சென்னையில் பறிமுதலான நூல்

நண்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். காமத்தைப் பாடுவதில் தமிழர்கள் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். அகத்திணை மரபு நம்முடையது. நாச்சியார் திருமொழி நம்முடையது. விறலிவிடு தூது என்று ஓர் இலக்கிய வகையே இருந்தது. ஆனால் இன்று நான் எடுத்துக்கொள்வது தஞ்சாவூரில் தெலுங்கில் எழுதப்பட்ட ஒரு நூல்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்தவர் முத்துப்பழனி. தேவதாசி மரபில் வந்த கவிஞர். அவர் எழுதிய ராதிகா சாந்த்வனம் ராதையின் கதை. தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணமுடித்து, முதலிரவுக்கு இருவருக்கும் அறிவுரையும் சொல்லி அனுப்புகிறாள் ராதை. பிறகு தனிமையில் தவிக்கிறாள், பொறாமையில் வேகிறாள், கோபத்தில் கொதிக்கிறாள். கண்ணன் வந்து கெஞ்சிச் சமாதானம் செய்கிறான். இளமை கடந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் விருப்பத்தை, அவள் வாயாலேயே, கூச்சமின்றிச் சொன்ன காவியம் அது. நூலின் தொடக்கத்தில் தன் குடும்பத்துப் பெண்களின் புலமையைப் பெருமையோடு குறிப்பிடுகிறார் முத்துப்பழனி.

1887இல் அதை அச்சிட்டபோது சில பாடல்களை விட்டுவிட்டார்கள். பாட்டி, அத்தை என்று அவர் தன் பெண்வழிப் புலமையைச் சொன்ன முன்னுரைப் பகுதியும் விடுபட்டது. சமூகச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன கந்துகூரி வீரேசலிங்கம் அந்த நூலைக் கடுமையாகப் பழித்தார். ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரத் தகாத சொற்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். சென்னையில் புகழின் உச்சியில் இருந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த நூலைத் தேடிப் பிடித்தார். ஓலைச்சுவடியோடு ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்து, 1910இல் வாவில்லா நிறுவனத்தின் மூலம் முழுமையாகப் பதிப்பித்தார். முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு நேரடியாகவே பதில் சொன்னார். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்குக் கிடையாதா என்பது அவர் கேள்வி. இதைவிட வெளிப்படையான வர்ணனைகள் உள்ள ஆண் கவிஞரின் நூலை வீரேசலிங்கமே அச்சேற ஒப்புதல் அளித்திருப்பதையும் சுட்டிக்காட்டினார்.

1911இல் அரசு நூலைத் தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பண்டிதர்கள் மனுக் கொடுத்தும் பலனில்லை. ஆண்கள் எழுதிய சிருங்கார காவியங்கள் கடைகளில் இருந்தன, மேடைகளில் பேசப்பட்டன. ஒரு பெண் எழுதி, ஒரு பெண் பதிப்பித்த நூல் காவல்துறையின் கையில் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1947இல், சென்னை மாகாண முதல்வராக இருந்த தங்குதூரி பிரகாசம் தடையை நீக்கினார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்று நாகரத்தினம்மாளை நாம் கொண்டாடுகிறோம். சரிதான். முத்துப்பழனிக்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

சட்டம் விட்டுவைத்த தேர்

இந்தத் தடைகளுக்கெல்லாம் பின்னால் இருந்த சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். 1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஹிக்ளின் வழக்கில் ஓர் அளவுகோல் வகுத்தது. தீய தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படக்கூடிய மனங்களைக் கெடுக்கும் போக்கு ஒரு நூலுக்கு இருந்தால் அது ஆபாசம். யாருடைய மனங்கள் எளிதில் ஆட்படும் என்பதை முடிவு செய்கிறவர்கள் எப்போதும் தங்களை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதில்லை. 1960இல் லண்டனில் டி.எச். லாரன்ஸின் நாவல் மீது வழக்கு நடந்தபோது, இது உங்கள் மனைவியோ வேலையாட்களோ படிக்க நீங்கள் விரும்பும் புத்தகம்தானா என்று அரசு வழக்கறிஞர் நடுவர் குழுவிடம் கேட்டார். அந்தக் குழுவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். பதிப்பகம் குற்றமற்றது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதே நாவலை விற்றதற்கு விதித்த தண்டனையை 1964இல் நம் உச்ச நீதிமன்றம் ஹிக்ளின் அளவுகோலை வைத்தே உறுதி செய்தது. 2014இல்தான் அந்த அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் கைவிட்டது.

இந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆபாசத்தைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, கோயிலில் உள்ள சிற்பங்களுக்கும், சுவாமி எழுந்தருளும் தேரில் உள்ள உருவங்களுக்கும் பொருந்தாது என்று சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விதிவிலக்கு தொடர்கிறது. ஆங்கிலேய ஆட்சி எழுதிய சட்டமே நம் தேரைப் பார்த்து ஒதுங்கி நின்றது. நம் ஊர்த் தேர்களின் மரச் சிற்பங்களை உற்றுப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். தெய்வக் கதைகளுக்கும் யாளிகளுக்கும் இடையே மைதுனச் சிற்பங்களும் இருக்கும். அந்தத் தேர் பூட்டிய அறையில் இருப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நான்கு வீதிகளிலும் வருகிறது. கிழவியும் குழந்தையும் புது மருமகளும் கூடி நின்று வடம் பிடிக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் அதனால் கெட்டுப்போனதாக எந்த ஊரும் புலம்பவில்லை.

அப்படியானால் எல்லாமே கலையா?

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கு எழும். நியாயமான கேள்வி. எல்லாமே கலை என்று நான் சொல்லமாட்டேன். பொம்பெயியில் அதே வெட்டியஸ் வீட்டு முகப்பில் ஒரு கீறல் எழுத்து இருக்கிறது. யூட்டிகிஸ் என்ற கிரேக்கப் பெண்ணின் விலை இரண்டு காசு என்று அது சொல்கிறது. எடோவின் யோஷிவாரா என்ற பரத்தையர் பகுதியில் உதமாரோ அழகழகாக வரைந்த பெண்களில் பலர் வறுமையால் சிறுவயதிலேயே விற்கப்பட்டவர்கள். முத்துப்பழனியின் கவிதையைக் கொண்டாடும்போது, அந்த மரபில் பிறந்த பெண்கள் எல்லோருக்கும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருந்தது என்று நாம் நடிக்கக் கூடாது. இந்தக் கலையை நேசிக்கிறவர்கள்தாம் இந்த உண்மைகளை முதலில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் என்னுடைய அளவுகோலை வேறிடத்தில் வைக்கிறேன். எவ்வளவு உடல் தெரிகிறது என்று நான் அளப்பதில்லை. படத்தில் இருப்பவர் மனிதராக இருக்கிறாரா, பண்டமாக இருக்கிறாரா என்று பார்க்கிறேன். அதைச் செய்வதற்காக யாராவது வற்புறுத்தப்பட்டார்களா என்று கேட்கிறேன். குழந்தைகளைச் சித்தரித்தால் அங்கே விவாதமே கிடையாது; அது குற்றம். இன்று கைபேசியில் கொட்டும் படங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளுக்கு முன் நிற்கமாட்டா. உதமாரோவின் அந்த ஒற்றைக் கண் நிற்கும். தராசோடு நிற்கும் பிரியாபஸ் நிற்பார். கோபத்தில் கொதிக்கும் ராதை தலை நிமிர்ந்தே நிற்பாள்.

2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எஃப்.என். சூசா, அக்பர் பதம்சி ஆகிய இருவரின் ஓவியங்களை ஆபாசம் என்று சுங்கத்துறை பிடித்து வைத்திருந்தது. நிர்வாணம் எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று கூறி அவற்றை விடுவிக்கச் சொன்னது நீதிமன்றம். அதே பதம்சி 1950களில் அதே பம்பாயில் ஒரு காதல் இணையின் ஓவியத்துக்காக வழக்கைச் சந்தித்து வென்றவர். எழுபது ஆண்டுகள் கழித்தும், அவர் மறைந்த பிறகும், அதே கேள்விக்கு மறுபடியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் சண்டையில் ஒருமுறை வென்றால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முடிப்பதற்கு முன் மூன்று வேண்டுகோள்கள். திருப்பணி நடத்தும் பெரியவர்களுக்கு: கோபுரத்திலும் தேரிலும் முன்னோர் வைத்த உருவங்களில் எதையும் கூச்சப்பட்டு மாற்றாதீர்கள், மறைக்காதீர்கள். அருங்காட்சியகங்களுக்கு: இப்படிப்பட்ட பொருட்களைக் கிடங்கில் போடாமல், அவை எங்கே இருந்தன, எதற்காக இருந்தன என்று நல்ல தமிழில் எழுதி வையுங்கள். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்: தேர்ச் சிற்பத்தைக் காட்டிப் பிள்ளை கேட்டால், கையைப் பிடித்து இழுத்துப்போகாமல், அந்த வயதுக்கு ஏற்றபடி உண்மையான பதிலைச் சொல்லுங்கள். இரண்டு பேர் அன்பாக இருக்கிறார்கள் என்பதே ஐந்து வயதுக்குப் போதுமான பதில்.

மாணவ மாணவியரே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். இந்தக் கலையைப் பார்க்கவும் படிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை, மனம் ஒப்பவில்லை என்று சொல்லவும் அதே உரிமை உண்டு. ஆனால் உங்களுக்காக வேறொருவர் பார்த்து, வேறொருவர் வெட்கப்பட்டு, வேறொருவர் தீர்ப்பெழுதித் தர ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். நாகரத்தினம்மாள் அதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் முத்துப்பழனி இன்று முழுதாக நம் கையில் இருக்கிறார்.